அக்காவுக்குப் பாரிஸ் காட்டிய கதை

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி அதற்குச் சம்பளமும் வாங்குகிறவர்கள் ஒரு நாளைக்குத் தாங்கள் சொன்ன புத்தியிலேயே தடக்கி விழுவார்கள். நான் விழுந்த இடம் பாரிசின் கார் து நோர் ரயில் நிலையம். விழுந்தது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சனம் நிறைந்து வழிகிற நேரம். நான் விழுந்ததில் ரயில்களும் நின்றுபோயின.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ரூ லூயி-பிளாங்கில், விமானச் சீட்டு விற்கிற சின்னக் கடை ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். கொழும்புக்கும் சென்னைக்கும் ரொறன்ரோவுக்கும் லா சப்பலில் பாதிப் பேரை ஏற்றி அனுப்பியவள் நான். நான் மட்டும் பாரிசுக்கு வந்து இறங்கிய நாள் முதல் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. (எங்கள் முதலாளி இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அந்தக் கடையில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் சீட்டு எடுக்க வந்தால், சீட்டோடு ஒரு தாளையும் குத்திக் கொடுப்பேன். தலைப்பு, 'பாரிசுக்கு முதன்முறை வருவோர் கவனத்துக்கு'. மொத்தம் பதினான்கு குறிப்புகள். யாரிடம் எது கேட்பதானாலும் முதலில் 'பொன்ஜூர்' சொல்லுங்கள், சொல்லாவிட்டால் உங்கள் கேள்வி அவர்கள் காதில் ஏறாது. மெத்ரோ ரிக்கெற்றை வெளியே வந்து சேரும்வரை எறியாதீர்கள். நகரும் படியில் வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். சாக்ரே-கேர் கோயில் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருகிறவனிடம் கையைக் கொடுக்காதீர்கள். மட்டையும் பேனையுமாகக் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம் நின்று பேசாதீர்கள், நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் உங்கள் கைப்பை வேறு ஒருவருடையதாகிவிடும். சாப்பாட்டுக் கடையில் குழாய்த் தண்ணீர் கேளுங்கள், சும்மா தருவார்கள். கழிப்பறைக்குச் சில்லறை வைத்திருங்கள்.

ஒன்பதாவது குறிப்பைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். 'எந்தக் காரணம் கொண்டும் உங்கள் பையை எங்கும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். யாராவது உங்களருகில் பையை வைத்துவிட்டுப் போனால் உடனே ஊழியரிடம் அறிவியுங்கள்.'

சனம் அந்தத் தாளைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பிக்கொண்டது. நோர்வேயிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்து, 'அருமையாய் எழுதியிருக்கிறியள்' என்று பாராட்டினார். என் தலை அப்போது சாதாரண தலையாக இருக்கவில்லை. ஆனால் ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். ஐஃபல் கோபுரத்துக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும், எந்த வாசலால் ஏறவேண்டும், பெரிய பை கொண்டுபோனால் உள்ளே விடமாட்டார்கள் என்றெல்லாம் நாலு குறிப்பு எழுதியிருந்த நான், அதன்மேல் ஒருநாளும் ஏறியதில்லை. பாரிசுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கிற சார்செல்லில் இருந்து ரயிலில் வேலைக்கு வருவேன், வேலை முடிய ரயிலில் சார்செல்லுக்குப் போவேன். பாரிசில் எனக்குத் தெரிந்த இடங்கள் மூன்று. வேலை செய்கிற தெரு, மகளின் பல் வைத்தியர், விசா விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்ற அலுவலகம்.

இப்படியிருக்கையில் அக்கா வந்தார்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு தபால் கந்தோரில் பார்சல் பகுதியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ரொறன்ரோவில் இருக்கிற தன் மகனோடு இனி இருக்கப் போகிற வழியில், பாரிசில் நாலு நாள் தங்குவதாக ஏற்பாடு. வியாழன் காலை வந்து திங்கள் காலை போகவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பதினேழு வருடம்.

எனக்கு அக்காவிடம் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. அதை மட்டும் கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கடைசி நாலு வருடம் படுக்கையில் கிடந்து இறந்தபோது என் வதிவிடப் பத்திரங்கள் இங்கே அலுவலகத்தில் முடிவாகாமல் கிடந்தன. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. கணவரும் மூன்று வயதுப் பிள்ளையும் இங்கே. நான் போகவில்லை. செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்தேன், அதுவும் பாதியில் படம் உறைந்துபோனது. அதற்குப் பிறகு அம்மா எப்படிப் போனார், கடைசியில் என்ன சொன்னார், என்னைக் கேட்டாரா என்று அக்காவிடம் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். 'அம்மா அமைதியாப் போனவ. நீ யோசிக்காதை.' பிறகு, சமையல் என்ன என்று கேட்பார்.

அம்மா என்மேல் கோபத்தோடு போயிருக்கிறார், அதைச் சொல்ல விருப்பமில்லாமல்தான் அக்கா மறைக்கிறார் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். ஆறு வருடமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அக்காவைத் தனியாக இருத்தி, கண்ணைப் பார்த்துக் கேட்டுவிடவேண்டும். பக்கத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது.

இங்கேதான் நிபுணர் மூளை வேலை செய்தது. லா சப்பலிலும் சார்செல்லிலும் இரண்டு தமிழ்ப் பெண்கள் தனியாக இருந்து கதைக்க முடியாது. யாராவது வந்து பக்கத்தில் இருந்துவிடுவார்கள். கோபுரத்தின் உச்சிக்குப் போய்விட்டால் ஒருவரும் தேத்தண்ணிக்குக் கூப்பிட முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குக் கோபுரச் சீட்டுப் பதிந்தேன். நாலு நாளுக்கும் மணிவாரியாக ஓர் அட்டவணை தட்டச்சு செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

அட்டவணை வியாழன் மத்தியானத்தோடு செத்தது. எங்கள் ஆட்களிடையே ஊரிலிருந்து ஒருவர் வந்தால், அவர் வந்த நகரத்தைப் பார்ப்பதில்லை. நகரத்தில் இருக்கிற சொந்தக்காரரின் வீடுகளைத்தான் பார்ப்பார். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் அந்தக் கோபம் கலியாண அழைப்பிதழ் வரைக்கும் நீளும். 'வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ' என்பார்கள். தேநீர் சோறாகும், சோறு முடிய மகள் பெரியவளான சாமத்தியவீட்டு வீடியோ ஓடும், மூன்று மணி நேரம் ஓடும். அக்காவோ ஊரிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பார்சல் கொண்டுவந்திருந்தார். (தபால் கந்தோர் விட்டாலும் பார்சல் விடவில்லை.) வெள்ளிக்கிழமைச் சீட்டைச் சனிக்கு மாற்றினேன், சனியை ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு மாற்றினேன். இரவில் வீட்டுக்கு வந்தால் அக்கா சாமியறைக்குக் கும்பிடு போட்டுவிட்டு மகளின் கட்டிலில் சரிந்து நித்திரையாகிவிடுவார். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவேன்.

ஞாயிறு மத்தியானம் லா சப்பலில் கடைசி வீட்டுச் சாப்பாடு முடிந்து வெளியே வந்தபோது மணி மூன்று. இனி ஒருவரும் இல்லை, நேரே கோபுரம் என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ரூ பெர்தொனேயால் நடந்தேன். பலசரக்குக் கடை தர்மண்ணை வாசலில் நின்று கூப்பிட்டார். ரொறன்ரோவில் இருக்கிற தன் மகளுக்கு ஒரு சின்னச் சாமான் குடுத்துவிட வேணுமாம். சின்னச் சாமான் என்று அவர் தூக்கித் தந்தது கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பை. தூக்கினால் தோள் இறங்குகிறது.

இதை மறுக்க முடியாது. பயணம் போகிறவரிடம் பொருள் குடுத்துவிடுவது எங்கள் ஆட்களின் உரிமை, சட்டத்தில் இல்லாத குறைதான். அக்கா மட்டும் வழக்கம்போலத் தொழிலைக் காட்டினார். பையைத் திறக்கச் சொல்லி, உள்ளுக்கை என்ன, எத்தனை என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். எனக்கு நேரம் போகிற அந்தரம். அக்கா, அவர் எங்கடை ஆள்தானே என்று இழுத்தேன். அதற்கு அக்கா சொன்னார், "எங்கடை ஆக்கள்தான் சொல்லாமல் வைக்கிறவை." பார்த்து முடித்தபிறகுதான் தெரிந்தது, அதில் பாதி அக்காவே யாழ்ப்பாணத்திலிருந்து தர்மண்ணைக்குக் கொண்டுவந்த பார்சல். இப்போது அதையே கனடாவுக்கும் கொண்டுபோகவேண்டும்.

பெரிய பையோடு கோபுரத்தில் ஏறவிடமாட்டார்கள் என்பது என் பதினோராவது குறிப்பு. அது எனக்குக் கார் து நோருக்குள் நுழைந்தபிறகுதான் நினைவு வந்தது. பை வைக்கிற பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு நிற்கும்போது அக்கா மெல்லமாக என் சீலைத் தலைப்பை இழுத்தார். (அக்கா வந்ததற்காக நான் சீலை உடுத்தியிருந்தேன். பத்தாவது குறிப்பு: நடக்க வசதியான உடை அணியுங்கள்.) நாலு நாள் தேநீர் தன் வேலையைக் காட்டுகிறது. உடனே போகவேண்டும்.

கழிப்பறை கீழ்த்தளத்தில். படியால் இறங்கவேண்டும், அக்காவுக்கு முழங்கால் வருத்தம், ஒருகை நான் பிடிக்கவேண்டும். மறுகையில் அந்தப் பை வராது. அப்போதுதான் மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஓர் அண்ணையைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கும். மீசை, கையில்லாத சுவெற்றர், மடியில் சாப்பாட்டுப் பை. நூறு வீதம் எங்கள் ஆள். முகவெட்டைப் பார்த்து யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பக்கம் என்றுகூட மனதுக்குள் தீர்மானித்தேன்.

"அண்ணை, இந்தப் பையை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. ரெண்டு நிமிசத்திலை வாறம்" என்று அவர் காலடியில் வைத்தேன். அவர் சிரித்துத் தலையாட்டினார்.

"ஆரெண்டு தெரியாத ஆளிட்டை விட்டிட்டுப் போறதே?" என்றார் அக்கா.

"அக்கா, முகத்தைப் பாத்தால் தெரியாதே? இது பாரிஸ். இஞ்சை எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். சொன்னது அப்படியே நினைவிருக்கிறது, அக்காவும் மறக்கவிடமாட்டார்.

கீழே போனால் வரிசை. வரிசை முடிய, நுழைகிற இயந்திரம் சில்லறை கேட்டது. ஊருக்கெல்லாம் சில்லறை வைத்திருக்கச் சொன்ன என்னிடம் ஒரு சதம் இல்லை. அக்காவை வரிசையில் விட்டுவிட்டு ஓடிப்போய், ஒரு கடையில் எனக்குத் தேவையில்லாத சூயிங்கம் வாங்கிச் சில்லறையாக்கி வந்தேன். அதற்குள் வரிசையில் அக்கா கடைசிக்குப் போயிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டாராம். இரண்டு நிமிடம் அரை மணி நேரமானது.

மேலே வந்தபோது மண்டபத்தின் அந்தப் பக்கம் சனமில்லை. சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. நாடாவுக்கு இப்பால் பொலிஸ், துவக்கோடு இராணுவம், அவர்களுக்குப் பின்னால் பொறுமை கெட்ட நூற்றுக்கணக்கான பயணிகள். நாடாவுக்கு அப்பால் வெறும் நிலத்தில், வெறும் வாங்குக்கு முன்னால், தர்மண்ணையின் கட்டம் போட்ட பை தனியாக இருந்தது. ஒலிபெருக்கி பெண்குரலில் அறிவித்துக்கொண்டிருந்தது. கைவிடப்பட்ட பொருள் ஒன்று காரணமாக ரயில் சேவைகள் தடைப்பட்டுள்ளன.

அந்த அறிவித்தலை நான் சார்செல் ரயிலில் எத்தனையோ காலைகளில் கேட்டிருக்கிறேன். வேலைக்குப் பிந்துகிற கோபத்தில், பையை விட்டுவிட்டுப் போன அந்த மூளையில்லாத சீவன் யார் என்று ஒவ்வொருமுறையும் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். அவ்வளவு திட்டும் ஒரேயடியாக என்மேல் வந்து இறங்கியது. நான் ஓர் அடி பின்னால் வைத்தேன்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். துவக்குக்காரரைக் கண்டவுடன் அவருடைய கை தானாகவே கைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்தது. எடுத்தபிறகுதான் இது யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடி இல்லை என்று நினைவு வந்திருக்கவேண்டும், அட்டையைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார்.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் போய்ச் சொல்லவில்லை. நாளைக் காலை அக்காவுக்கு விமானம். பொலிஸ் பெயர் எழுதினால், கடவுச்சீட்டை வாங்கி வைத்தால், கனடா விசாவில் ஏதாவது பிரச்சினை வந்தால்? பத்திரமில்லாமல் இந்த ஊரில் இருந்த வருடங்களில் பொலிசைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போய்ப் பழகிய கால் எனக்கு. வதிவிட கார்ட் கிடைத்தாலும் கால் மறக்கவில்லை. ஆகவே சனத்துக்குள் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சு மனுசி, இப்படிப்பட்ட ஆட்களை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். நானும் தோளைக் குலுக்கி, உண்மைதான் மதாம், வெட்கம் கெட்டவர்கள் என்றேன். அழகான பிரெஞ்சில் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவ்வளவு பிழையில்லாமல் நான் பேசியதில்லை.

"என்னவாம் அவ?" என்றார் அக்கா.

ரயில் பிந்துதாம் என்றேன்.

"அது எங்கடை பையெல்லோ?"

"மெல்லமாக் கதையுங்கோ அக்கா. உங்கடை விசா…"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து யாருடைய பென்சிலையோ கொண்டுவந்தபோது பார்த்த பார்வை. "இவ்வளவு சனமும் வீட்டை போகேலாமல் நிக்குது. பார்சலுக்கு ஆள் நாங்கள்" என்றார். பிறகு முழங்கால் வருத்தத்தோடு சனத்தை விலக்கிக்கொண்டு நாடாவடிக்குப் போய், ஓர் இளம் பொலிஸ்காரியிடம் கடவுச்சீட்டை நீட்டி, முப்பது வருடத் தபால் கந்தோர் ஆங்கிலத்தில் சொன்னார்: "மேடம், மை பார்சல்."

நான் பின்னால் ஓடினேன். ஓடும்போது அந்தப் பிரெஞ்சு மனுசியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விசாரணை அங்கேயே நின்ற நிலையில் நடந்தது. பையை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டார்கள். விடவில்லை, ஒருவரிடம் ஒப்படைத்தேன் என்றேன். அவரை உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாதவரிடம் எப்படி ஒப்படைத்தீர்கள்? அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதிலைச் சொன்னேன். முகத்தைப் பார்த்து. தமிழில் எவ்வளவு இயல்பாக இருந்த நியாயம், பிரெஞ்சில் ஒரு பொலிஸ்காரிக்குச் சொல்லும்போது எவ்வளவு கேவலமாக இருந்தது என்பதை என்னால் விளக்கமுடியாது.

அந்த அண்ணையும் அங்கேதான் நின்றார். சாட்சியென்று அவரையும் மறித்து வைத்திருந்தார்கள், அவருடைய பயணமும் கெட்டது. அவர் எங்கள் ஆள் இல்லை, டாக்காவைச் சேர்ந்தவர். ஒரு பெண் ஓடிவந்து விளங்காத மொழியில் ஏதோ சொல்லி, பையைக் காலடியில் வைத்துவிட்டு மறைந்தால் ஒருவர் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்திருக்கிறார், உடனே ஊழியரிடம் அறிவித்திருக்கிறார். என் ஒன்பதாவது குறிப்பைப் பாரிசில் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான், அதை அவர் வாசித்ததுமில்லை. "மன்னியுங்கள் மதாம், நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை, மரியாதைக்குத் தலையாட்டினேன்" என்று அவர் பிரெஞ்சில் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு எனக்கு நடந்ததில் அதுதான் மோசமானது.

பைக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னவாம் என்று கேட்டு, மேலே பார்த்துக்கொண்டு பட்டியலை ஒப்புவிக்கத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன். தைத்த சட்டை மூன்று. கருவாடு. மோர்மிளகாய். இதுவரைக்கும் பொலிஸ்காரி எழுதிக்கொண்டு வந்தார். ஒடியல் மா இரண்டு பை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவுக்குப் பிரெஞ்சில் பெயர் தெரியாமல், ஒருவகைத் தூள் என்றேன். அவருடைய பேனா நின்றது. அடுத்தது சாமிப்படத்துக்குப் பூட்டுகிற பல்பு மாலை. வயர், பற்றரிப் பெட்டி என்று மொழிபெயர்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு, இருவரும் அந்தச் சுவரோரம் போய் இருங்கள், அசையவேண்டாம், நாய் வந்து பார்க்கவேண்டும் என்றார். நாய் வேறொரு நிலையத்தில் வேலையாக இருந்தது.

நிலத்தில் முதுகைச் சுவரில் சாய்த்து இருவரும் இருந்தோம். எதிரே பெரிய மணிக்கூடு. நாலரை தாண்டியது. எனக்கு அழுகை வந்தது. நாலு நாளில் உங்களுக்கு ஒன்றுமே காட்டவில்லை, கடைசியில் பொலிசிடம் கொண்டுவந்து இருத்தினேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா கைப்பையிலிருந்து மத்தியான வீட்டில் கட்டித்தந்த ரோல்ஸ் ஒன்றை எடுத்துப் பாதியைப் பிய்த்து என்னிடம் தந்தார்.

"ஆரடி உன்னட்டைக் கோபுரம் கேட்டது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் இருவரையும் சுற்றிப் பத்து மீற்றருக்கு ஒருவரும் இல்லை. பொலிஸ் ஒருவரையும் கிட்ட வரவிடவில்லை. தேத்தண்ணிக்குக் கூப்பிட ஆள் இல்லை.

"அக்கா, அம்மா என்னிலை கோவமாத்தானே போனவ? உண்மையைச் சொல்லுங்கோ."

அக்கா ரோல்சை மென்று விழுங்கினார், விரலைத் துடைத்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசி ஒரு மாதம் அம்மாவுக்கு ஆட்கள் மட்டுப்படவில்லையாம், யார் எவரென்று தெரியாதாம். அக்கா கட்டிலடிக்கு வந்தால் 'சுகந்தி வந்திட்டியே' என்று கேட்பாராம். நான்தான் சுகந்தி. முதல்நாள், இல்லையம்மா, நான் பெரியவள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அம்மா அன்றைக்கு முழுநாளும் அழுதிருக்கிறார்.

"அடுத்த நாளிலையிருந்து ஓம் எண்டனான்" என்றார் அக்கா. "ஓமம்மா, சுகந்திதான், வந்திட்டன் எண்டு. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் போனவ. உன்ரை பேரைச் சொல்லிக்கொண்டு."

நான் கையிலிருந்த பாதி ரோல்சை மடியில் வைத்தேன்.

"உனக்கு நோகுமெண்டு சொல்லேல்லை எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறனான். அது பொய். எனக்குத்தான் நொந்தது. நாலு வருசம் கழுவித் துடைச்சு ஏத்தி இறக்கினது நான். கடைசியிலை கூப்பிட்டது உன்னை. அதை உனக்கு எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரேல்லையடி."

ஆறு வருடமாக நான் என் குற்றத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தொலைபேசியின் மறுமுனையில் சமையல் என்ன என்று கேட்ட குரலுக்கு உள்ளே இது இருந்ததை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"நீங்கள் ஓம் எண்டபடியால்தான் அக்கா, அம்மா என்னைக் கண்டிட்டுப் போனவ" என்றேன். நான் போகவேண்டிய இடத்துக்கு நீங்கள் எனக்காகவும் போயிருக்கிறீர்கள் என்று இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது. அக்கா என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்தார். இருவரும் அழுதோம். அம்மா இறந்தபோது சேர்ந்து அழாத அழுகை, ஒப்பாரி இல்லாத குறைதான்.

அப்போது அந்தப் பொலிஸ்காரி ஓடிவந்து எங்களுக்கு முன்னால் குந்தினார். பயந்துபோனார்போல. அக்காவின் முழங்காலில் கையை வைத்து மிகவும் அன்பாகச் சொன்னார், "அழாதீர்கள் மதாம். நாய் பார்த்துவிட்டது. வெறும் மீன்தான்."

மொழிபெயர்த்தேன். அக்கா அழுகைக்கு நடுவே சிரித்தார். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்து நிற்கவில்லை. அழுகிறவர்களைவிட இப்படிச் சிரிக்கிறவர்கள்தான் சந்தேகத்துக்குரியவர்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பொலிஸ்காரி எழும்பி ஓர் அடி பின்னால் போனார்.

பையைத் திருப்பித் தந்தார்கள். என்னை நன்றாக ஏசினார்கள், ஏசவேண்டிய ஏச்சுத்தான். கையெழுத்துப் போட ஒரு தாள் நீட்டினார்கள். அக்கா போடவில்லை. பையைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஒடியல் மா ஒரு பை குறையுது, அதை எழுதித் தரச்சொல்லு என்றார். மாவை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்களாம். பாரிசில் ரயில்களை நிறுத்திவிட்டு, ஒரு பை மாவுக்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரே ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும். அந்த டாக்கா அண்ணை படியடியில் நின்றார். அக்கா மிச்சமிருந்த ரோல்ஸ் இரண்டையும் அவர் கையில் வைத்து அழுத்திவிட்டு வந்தார். நாங்கள் சார்செல்லுக்குப் போகிற ரயில் வர இன்னும் ஒரு மணி நேரம் எடுத்தது. யாரைத் திட்டுவது?

மறுநாள் காலை அக்கா போய்விட்டார். கோபுரத்தில் அவர் ஏறவில்லை, நானும் இன்றுவரை ஏறவில்லை. மாக் கணக்கை அக்கா முதல்நாள் இரவே தர்மண்ணைக்குத் தொலைபேசியில் ஒப்புவித்திருந்தார், நான் கடைக்கு வந்தால் அவர் எனக்கு முன்பே கதையை ரூ லூயி-பிளாங் முழுக்கச் சொல்லியிருந்தார். இன்றைக்கும் நான் குறிப்புத்தாளை நீட்டினால் சிலர் வாங்காமல் ஒன்பதாவதை விரலால் தொட்டு, 'தங்கச்சி, இது அனுபவத்திலை எழுதினதோ?' என்று கேட்கிறார்கள். வீட்டில் யாராவது ஒரு தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினால் போதும், என் மகள் அந்த ரயில் நிலையப் பெண்குரலில் பிரெஞ்சில் அறிவித்தல் விடுவாள்.

ரொறன்ரோவில் எந்த நல்ல நாள் பெருநாள் என்றாலும் அக்காவிடம் இந்தக் கதையைக் கேட்பார்களாம். வீடியோவில் என்னையும் இழுத்து வைத்துக்கொண்டு சொல்வார். ஒவ்வொரு முறையும் நாய் ஒன்று கூடும், துவக்குகள் பெருகும், நான் சொன்ன பிரெஞ்சு நீளும். சுவரோரம் இருந்து என்ன பேசினோம் என்பதை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கடைசியில் யாராவது ஒருவர் கேட்பார், அப்ப பாரிசுக்குப் போயும் கோபுரம் பாக்கேல்லையோ என்று. அக்கா திரையில் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"எனக்கும் அவளுக்கும் இருந்து கதைக்க ஒரு இடம் தேவைப்பட்டது. அதுக்கு என்ரை தங்கச்சி பாரிசையே மறிச்சு வைச்சவள்."